ஓணானுக்குக் கம்பளி போதாது

ஓணானைக் கம்பளியால் போர்த்தினால் அதற்குக் குளிர் போகாது. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். நம் உடம்பு இரவும் பகலும் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் கம்பளி நமக்குப் பயன்படுகிறது. ஓணானின் உடம்பில் தடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு பிறப்பதே இல்லை. ஐஸ் கட்டியை உருகாமல் வைக்க மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றுவார்கள். குளிர்ந்த ஓணானைப் போர்த்துவதும் அதே காரியம்தான். வெளியே அறை சூடேறினாலும் அந்தச் சூடு உள்ளே போய்ச் சேராமல் அது குளிர்ந்தபடியே கிடக்கும்.

பிரிட்டனில் ஊர்வனவற்றை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள் ஏராளம். ஆஸ்திரேலியப் பாலைவனத்துத் தாடி ஓணான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துச் சிறுத்தைப் பல்லி, மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, மத்தியதரைக் கடலோரத்து ஆமை என்று உலகத்தின் சூடான மூலைகளிலிருந்து வந்த இனங்கள் மரப்பெட்டிகளிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் இருக்கின்றன. லண்டனில் ஜனவரி இரவில் வெளியே 2, 3 டிகிரி செல்சியஸ். வீட்டுக்குள் சென்ட்ரல் ஹீட்டிங் ஓடும் என்றாலும் படுக்கப் போகும்போது அதை அணைத்துவிடுவதே பல வீடுகளின் வழக்கம். விடிவதற்குள் அறை 15 டிகிரிக்கு இறங்கிவிடும். 2022இல் மின்சாரமும் எரிவாயுவும் விலையேறிய பிறகு இந்தச் சிக்கனம் இன்னும் இறுகிப்போனது. நமக்கு இன்னொரு போர்வை போதும். தொட்டிக்குள் இருக்கும் உயிருக்கு?

வளர்ப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?" என்பது. இந்தக் கேள்வியில் பாதித் தவறு இருக்கிறது. ஊர்வனவற்றுக்குத் தேவை ஒரே ஒரு வெப்பநிலை அன்று. சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் அவற்றுக்கு இடையே நடந்து போக வழியும்தான் தேவை. இதைப் புரிந்துகொள்ள அறிவியலுக்கே 1940கள் வரை ஆயிற்று.

அதுவரை பல்லியும் பாம்பும் சுற்றுப்புறத்தின் வெப்பத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், அவற்றுக்கென்று கட்டுப்பாடு எதுவும் கிடையாது என்றே பொதுவாக எண்ணியிருந்தார்கள். கலிபோர்னியாவின் பாலைவனத்தில் ஆய்வு செய்த ரேமண்ட் கௌல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் 1944இல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்தைப் புரட்டியது. வெயிலில் நிற்பது, நிழலுக்கு ஓடுவது, சூடான மணலில் வயிற்றை அழுத்துவது, உடம்பைச் சூரியனுக்கு நேராகவோ பக்கவாட்டாகவோ திருப்புவது, வளைக்குள் போவது என்று நடத்தையாலேயே அவை தம் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். நடுப்பகலில் சுறுசுறுப்பாக இருக்கும் பாலைவனப் பல்லியின் இரத்தம் மனித இரத்தத்தைவிடச் சூடாக இருப்பதும் உண்டு.

தாடி ஓணான்களில் ஓர் இனத்தைக் கொண்டு பார்தலோமியூவும் டக்கரும் 1963இல் இன்னொன்றைக் கண்டார்கள். வெயில் காயும்போது அதன் இதயம் வேகமாக அடிக்கிறது, தோலில் ஏறிய சூட்டை இரத்தம் உடனே உள்ளே கொண்டுபோகிறது. குளிரும்போது, அதே உடல் வெப்பத்தில்கூட, இதயம் மெதுவாக அடிக்கிறது. ஆகவே அது சூடேறுவது சீக்கிரம், ஆறுவது தாமதம். உள்ளே அடுப்பு இல்லாத உடம்பு, கிடைத்த சூட்டை எவ்வளவு கவனமாகச் செலவழிக்கிறது பாருங்கள்.

உள்ளே அடுப்பே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பு சூடாக இருக்கிறது என்று இந்தியாவிலிருந்து திரும்பிய லமார்-பிகோ என்ற பிரெஞ்சுக்காரர் 1832இல் பாரிஸில் சொன்னபோது அறிஞர்கள் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் அடைகாத்த ஒரு மலைப்பாம்பை வலென்சியென் என்ற விலங்கியலாளர் அளந்து பார்த்து அது உண்மைதான் என்றார். 1966இல் வெளியான அமெரிக்க ஆய்வு அதன் வழியையும் காட்டியது. சுற்றுப்புறம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தாய்ப்பாம்பின் தசைகள் விட்டு விட்டுத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பில் பிறக்கும் சூடுதான் முட்டைகளைக் காக்கிறது. தென் அமெரிக்காவின் தேகு என்ற பெரிய பல்லி, இனப்பெருக்கக் காலத்து இரவுகளில் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது என்பது 2016இல் தெரியவந்தது. ஆனால் இவை குறிப்பிட்ட காலத்துக்கான, பெரும் செலவு பிடிக்கும் ஏற்பாடுகள். வீட்டுத் தொட்டியில் இருக்கும் பந்து மலைப்பாம்பு முட்டையைச் சுற்றிக்கொள்ளும். தசை துடித்துச் சூடாக்காது.

சூடு உண்டாக்காமல் இருப்பதில் பெரிய ஆதாயம் இருக்கிறது. ஒரு பல்லியின் அன்றாட ஆற்றல் செலவு, அதே எடையுள்ள எலியின் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைப்பதற்கே எரிந்துபோகிறது. பாம்பு வாரக்கணக்கில் இரையின்றி இருக்க முடிவது இதனால்தான். இதற்கு அது கொடுக்கும் விலை, வெளியே சூடு இல்லாதபோது உள்ளே எல்லா வேலையும் மந்தமாவது. உடம்பின் வேதிவினைகள் 10 டிகிரி குறைந்தால் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வேகம் இழக்கும். அப்போது முதலில் நின்றுபோவது செரிமானம். எலியை விழுங்கிய பாம்பை அன்றிரவே குளிரில் விட்டால் வயிற்றுக்குள் இரை செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். கக்குவது அதற்குச் சாதாரண விஷயமில்லை. உணவுக்குழாய் புண்ணாகும், அடுத்த சில வாரங்களுக்கு இரை எடுக்கத் தயங்கும்.

அடுத்து நோய் எதிர்ப்பு. இதைப் பற்றி மைக்கேல் குளூகரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970களில் நடத்திய சோதனைகளை ஊர்வன வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். பாலைவன இகுவானாக்களுக்கு நோய்க்கிருமியைச் செலுத்திவிட்டு, சூடான மூலையும் குளிர்ந்த மூலையும் உள்ள இடத்தில் விட்டார்கள். அவை வழக்கத்தைவிடச் சுமார் 2 டிகிரி கூடுதலான சூட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. பல்லி தன் காய்ச்சலை நடந்து போய் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு சோதனையில் கிருமி ஏற்றப்பட்ட இகுவானாக்களை 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்தார்கள். குளிர்ந்த பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் செத்தன. சூடு கூடக்கூடப் பிழைத்தவை கூடின. ஆஸ்பிரின் வகை மருந்து கொடுத்துச் சூட்டைத் தேடும் உந்துதலை அடக்கியபோது, அடங்கியவை மாண்டன. குளிர்ந்த தொட்டியில் இருக்கும் பல்லிக்கு மூக்கில் குமிழி வருவதும், பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், மூச்சில் சீழ்க்கை கேட்பதும் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். கால்நடை மருத்துவர் மருந்து தருவார். அந்த மருந்தும் போதிய சூடு இருந்தால்தான் உடம்பில் சரியாக வேலை செய்யும்.

எனவே தொட்டியின் ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளிர்ச்சியும் இருந்தாக வேண்டும். இதற்கு நீளம் வேண்டும். தாடி ஓணானுக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள பெட்டியைப் பிரிட்டனில் பரிந்துரைப்பது இதற்காகத்தான். ஒன்றரை அடித் தொட்டிக்கு மேல் நூறு வாட் விளக்கை மாட்டினால் உள்ளே இரண்டு முனைகள் கிடையாது. முழுவதும் ஒரே அடுப்பு. குளிரில் சாவதைவிட வேகமாக உயிர்கள் சூட்டில் சாகும். பெரும்பாலான பல்லிகளுக்கு அவை விரும்பும் வெப்பத்துக்கும் கொல்லும் வெப்பத்துக்கும் இடையே சில டிகிரிதான் இடைவெளி. கீழே குளிர்ந்த பக்கத்தில் அப்படி நெருக்கமான எல்லை இல்லை.

இப்போது இரவுக்கு வருவோம். இரவில் பகல் போலவே சூடு வேண்டுமா என்றால், அந்த உயிரின் சொந்த ஊரில் இரவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜனவரிப் பகல் சராசரியாக 36 டிகிரியைத் தொடும். ஜூலை இரவு 4 டிகிரிக்கு இறங்கும். அந்த மண்ணில் பிறந்த இனம் தாடி ஓணான். பகலில் 40 டிகிரி வரை சூடேறும் ஓரிடம் கிடைத்து உடம்பை நன்றாகக் காய்ச்சிக்கொண்டால், இரவு 18 டிகிரியில் நன்றாகவே தூங்கும். ஆரோக்கியமான தாடி ஓணானுக்குப் பிரிட்டிஷ் வீட்டில் பல இரவுகளில் தனியாக எந்தச் சூடும் தேவைப்படாது. சிறுத்தைப் பல்லியும் ஏறத்தாழ இப்படித்தான். பந்து மலைப்பாம்பின் கதை வேறு. கானா, டோகோ, பெனின் நாடுகளின் தாழ்நிலங்களில், கறையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் அது இருக்கும். அங்கே இரவிலும் காற்று 22, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாது. இதன் தொட்டியை இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்க விடக்கூடாது.

நியூ கலிடோனியாத் தீவின் கொண்டைப் பல்லியை எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். அழிந்துவிட்டதாக நினைத்து 1994இல் மறுபடி கண்டுபிடித்த இனம் அது. இன்று வீடுகளில் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. அறை வெப்பமே அதற்குப் போதும். 28, 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். ஊர்வன என்றாலே சூடு வேண்டும் என்று இதற்கு ஹீட்டர் வைத்துக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். இனத்தின் பெயர் தெரியாமல் டிகிரி சொல்பவரின் பேச்சை நம்பாதீர்கள்.

தாழ்நிலத்து வெப்ப இனங்களுக்குக் கடுங்குளிர் என்றால் என்னவென்றே தெரியாது என்பதற்கு 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவில் சான்று கிடைத்தது. அங்கே சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் பத்தை ஆய்வாளர்கள் ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குளிரலையில் ஒன்பது இறந்துபோயின. அதே ஃபுளோரிடாவில் 2020 ஜனவரியில், மரத்திலிருந்து இகுவானாக்கள் விழக்கூடும் என்று மயாமி வானிலை அலுவலகமே எச்சரிக்கை விடுத்தது. விழுந்தவை எல்லாம் செத்தவை இல்லை. தசைகள் செயலற்றுக் கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்தவை. வெயில் வந்ததும் பல எழுந்து நடந்தன. செத்துக் கிடப்பதாகத் தோன்றும் ஊர்வன உயிரோடு இருக்கலாம் என்பதை வீட்டிலும் மறக்கக் கூடாது.

குளிர் தேவைப்படும் ஊர்வனவும் உண்டு. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் வளர்த்த டிமோதி என்ற ஆமை, இயற்கை வரலாற்றிலேயே பெயர் பெற்றது. அத்தை இறந்த பிறகு 1780இல் அவருக்கு வந்த அந்த ஆமை ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் தோட்டத்து மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடும், வசந்தத்தில்தான் வெளியே வரும். ஒயிட் அதை எடை போட்டும் நாள் குறித்தும் பொறுமையாக எழுதி வைத்தார். டிமோதி என்று ஆண் பெயர் வைத்தாலும் அது பெண் ஆமை. ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மத்தியதரைக் கடலோரத்து ஆமைகள் அப்படிக் குளிர்காலம் முழுவதும் உறங்குபவை. இன்று பிரிட்டனில் பலர் இவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து உறங்க வைக்கிறார்கள். கேட்கக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் இதன் பின்னே தெளிவான அறிவியல் இருக்கிறது. உறங்கும் ஆமைக்கு 5 டிகிரி ஏற்றது. உறைநிலைக்குக் கீழே போனால் கண் கெடும், உயிரும் போகலாம். 10 டிகிரியைத் தாண்டினால் அரைத் தூக்கம் கலைந்து, சாப்பிடவும் முடியாமல், சேமித்த கொழுப்பை எரித்துத் தீர்க்கும். இங்கிலாந்தின் குளிர்காலம் ஒரு வாரம் 12 டிகிரி, மறுவாரம் உறைபனி என்று நிலையில்லாமல் ஆடும். தோட்டத்தைவிடக் குளிர்பதனப் பெட்டிக்கு நம்பகமான குளிர் இருக்கிறது. உறங்க வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தீனியை நிறுத்தி, சூட்டில் வைத்தபடியே குடலைக் காலியாக்குகிறார்கள். அடிக்கடி கதவைத் திறந்து காற்று மாற்றுகிறார்கள். எடை குறைகிறதா என்று அளக்கிறார்கள். நோயுற்ற ஆமையை உறங்க வைப்பதில்லை. நம் நட்சத்திர ஆமை இந்த வகையில் சேராது. அதைக் குளிரில் இப்படி வைத்தால் செத்துப்போகும்.

ஆக, மத்தியதரைக் கடலோரத்து ஆமைக்கு 5 டிகிரி நல்லது, 25 டிகிரி நல்லது, இடைப்பட்ட 13 டிகிரிதான் கெட்டது. சூடு பற்றாத குளிர்கால அறைகளில் இருப்பது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட வெப்பம்தான்.

சூட்டை எதனால் கொடுப்பது? 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர்கள் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அகச்சிவப்பிலும் வகை உண்டு. சூரியனிடமிருந்து வருவது பெரும்பாலும் குறுகிய அலை. அது தோலைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கித் தசையைச் சூடாக்கும். சூடான கல்லும் மண்ணும் வெளியிடுவது நீண்ட அலை. அது தோலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஆலஜன் விளக்கு முதல் வகையை நிறையக் கொடுக்கிறது. ஒளியே தராத செராமிக் ஹீட்டர் இரண்டாம் வகையைக் கொடுக்கிறது.

இதிலிருந்து எனக்குத் தோன்றும் முறை எளிது. இயற்கையில் பகல் சூடு மேலிருந்து வருகிறது, ஒளியோடு வருகிறது. இரவுச் சூடு கல்லிலிருந்தும் வளையின் சுவரிலிருந்தும் ஒளியின்றி வருகிறது. தொட்டியிலும் அப்படியே இருக்கட்டும். பகலுக்கு ஆலஜன் விளக்கு. இரவில் சூடு தேவைப்படும் இனம் என்றால் மட்டும் செராமிக் ஹீட்டரோ, பெட்டியின் கூரையில் பொருத்தும் வெப்பப் பலகையோ போதும். பழைய குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக மாற்றாமல் மீதியைச் சூடாக விரயம் செய்கிறது என்று ஐரோப்பா 2009 முதல் அதைப் படிப்படியாக ஒழித்தது. ஓணானுக்கு அந்த விரயம்தான் சோறு. எல்.இ.டி. விளக்கை மாட்டி, வெளிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியடைந்தால் ஓணான் குளிரில் கிடக்கும்.

இரவில் சிவப்பு விளக்கு எரிப்பது ஒரு பழைய வழக்கம். ஊர்வனவற்றுக்குச் சிவப்பு தெரியாது என்று சொல்லித்தான் கடைகளில் அதை விற்றார்கள். தாடி ஓணானுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். அதற்குத் தலையுச்சியில் மூன்றாவது கண்ணும் இருக்கிறது. உருவம் தெரியாது என்றாலும் ஒளி இருக்கிறதா இல்லையா என்பதை அது உணர்ந்து உடலின் நாள் கணக்கைச் சரி செய்கிறது. நம் வேலி ஓணானுக்கும் அந்தக் கண் உண்டு. இரவுப் பல்லிகளுக்கு மூன்றாம் கண் இல்லை. ஆனால் இருட்டில் அவற்றின் பார்வை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு கூர்மை. மங்கிய நிலவொளியில் நிறம் பிரித்துப் பார்க்கும் திறனில் ஒருவகை இரவுப் பல்லி மனிதரைவிட 350 மடங்கு மேல் என்று 2004இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்கு மேல் இரவு முழுவதும் விளக்கெரிப்பது கொடுமை. இருட்டும் அவற்றுக்கு ஒரு தேவை.

எந்த ஹீட்டராக இருந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டக்கூடாது. இதில் சமரசமே இல்லை. செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அதைச் சுற்றிக் கம்பிக்கூடு இல்லாவிட்டால் பாம்பு அதையே சுற்றிக்கொள்ளும். கீழே விரிக்கும் ஹீட் மேட்டின் மேல் கனமாக மண்ணைப் பரப்பினால் சூடு மேலே வர வழியின்றி அடியிலேயே தேங்கும். தெர்மோஸ்டாட்டின் உணரி நழுவிக் குளிர்ந்த மூலைக்குப் போனாலோ தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தாலோ, அது குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டரை ஓயாமல் ஓடவிடும். எனவே உணரியை இறுக்கிக் கட்டுங்கள். தெர்மோஸ்டாட்டை நம்பி விடாமல் இரண்டு முனைகளிலும் தனித்தனி வெப்பமானி வையுங்கள். உள்ளே சுருள் வைத்துச் செய்த 'சூடான கல்' என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். சுற்றிலும் காற்று குளிர்ந்திருக்க, வயிறு மட்டும் கருகும்வரை அதன் மேல் படுத்துக் கிடந்த பாம்புகளையும் பல்லிகளையும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். முதுகு குளிர்ந்திருக்கும்வரை அந்த உயிர் சூட்டை விட்டு நகர்வதில்லை.

செலவு பெரிதாக இருக்குமோ என்ற கவலைக்கு ஒரு சிறு கணக்கு. நூறு வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் நடுநடுவே அணைப்பதால் அதைவிடக் குறைவாகவே ஆகும். தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கண்ணாடியைவிடத் தெர்மாகோல் முப்பது மடங்கு மெதுவாகச் சூட்டைக் கடத்தும். கண்ணாடித் தொட்டியின் பின்புறத்தையும் பக்கங்களையும் வெளியிலிருந்து தெர்மாகோல் பலகையால் மூடினால் ஹீட்டரின் உழைப்பு வெகுவாகக் குறையும். காற்று போக வர உள்ள வலையை மட்டும் மூடிவிடாதீர்கள். தேங்கிய ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் நோய் நிச்சயம்.

கம்பளி எப்போது பயன்படும்? மின்சாரம் போன இரவில், உள்ளே சூடு ஏற்கெனவே இருக்கும்போது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் அடித்து 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் இல்லாமல் போனது. அதே குளிரில் கடலில் செயலற்று மிதந்த கடலாமைகளைத் தன்னார்வலர்கள் படகுகளிலும் கார்களிலும் அள்ளி வந்து, சவுத் பாட்ரே தீவின் மாநாட்டு மண்டபத்தில் ஏறத்தாழ 5,000 ஆமைகளைத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். வெந்நீரில் போடவில்லை, ஹீட்டருக்கு முன்னால் வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெப்பம் ஏறும்படி விட்டார்கள். வீட்டில் குளிரில் விறைத்துப்போன பல்லிக்கும் இந்த நிதானம் வேண்டும்.

மின்சாரம் போனால் தொட்டியைத் திறக்காமல் சுற்றிலும் கம்பளி போர்த்துங்கள். நேரம் நீண்டால் சிறிய உயிர்களைத் துணிப்பைக்குள் விட்டுத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, கூடவே வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டில் இருக்கட்டும், விலகிப் போக இடம் வேண்டும். இரும்புத்தூள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூடாகும் பொட்டலங்களும் கிடைக்கின்றன. அவை பெட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வதால் காற்றோட்டத் துளை அவசியம். உடம்பில் நேரடியாகப் படவும் கூடாது. மீண்டும் மின்சாரம் வந்து உடம்பு பழைய சூட்டுக்குத் திரும்பும்வரை இரை போடாதீர்கள். சிறிய பல்லி அரை மணியில் குளிர்ந்துவிடும். பெரிய ஆமை பல மணி நேரம் தாங்கும். எதை முதலில் கவனிப்பது என்பதை அந்த உடலளவே சொல்லிவிடும். எந்த நிலையிலும் அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். டெக்சாஸில் அப்படிச் செய்த வீடுகளில் கார்பன் மோனாக்சைடு மனிதர்களையே கொன்றது. மூடிய அறையில் அது ஊர்வனவற்றையும் விடாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் பிறந்த ஆமை, உடும்பு, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிர்ஷ்டத்துக்கென்று நட்சத்திர ஆமையைத் தொட்டியில் வைத்திருப்பவர்கள் அதை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதுதான் முறை. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும்.

லண்டனிலோ டொராண்டோவிலோ பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது என்று ஓணான் குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் நீளமான பெட்டியையும் விளக்கையும் தெர்மோஸ்டாட்டையும் இரண்டு வெப்பமானிகளையும் வாங்குங்கள். வெறும் பெட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து இரு முனைகளின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் சரியாக வந்த பிறகு ஓணானை வாங்குங்கள். வராவிட்டால் வாங்காதீர்கள்.